கண்ணைக் குத்தாத சாமி

பயம் இருக்கிற வரைக்கும்தான் பக்தி இருக்கும், பயம் போய்விட்டால் கோயில் காலியாகிவிடும் என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். பிரதோஷம் தவறாதவர். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் கோயில் விழா மேடை என்றால் அவர் பேச்சு இல்லாமல் நிறையாது. அப்படிப்பட்டவர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. இதைத்தானே கருப்புச் சட்டைத் தோழர்கள் தெருமுனையில் மைக் கட்டி இத்தனை காலமாகச் சொல்லிவருகிறார்கள்? 1927 மார்ச்சில் லண்டன் பேட்டர்சீ மண்டபத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பேசியதன் சாரமும் இதுதான்: மதத்துக்கு அடித்தளம் பயம். ஆகவே மதம் வேண்டாம் என்று ரஸ்ஸல் முடித்தார். ஆகவே பயத்தைக் கூட்டுங்கள் என்று நண்பர் முடிக்கிறார். நோய் இன்னதென்று சொல்வதில் இருவரும் ஒரே டாக்டர். மருந்துச் சீட்டில் நண்பர் அந்த நோயையே மூன்று வேளைக்கு எழுதித் தருகிறார்.

அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. சாட்சிகளோடுதான் கட்டியிருக்கிறார். இன்றைய பிள்ளைகள் கோயிலுக்கு வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். காரணம், பெற்றவர்கள் "சாமி கண்ணைக் குத்திடும்" என்று சொல்லி வளர்க்காதது. பயத்துக்குப் பின்னால்தான் அன்பு என்று துளசிதாசரே எழுதியிருக்கிறார். வாக்குத் தவறிய சுந்தரருக்குக் கண் போனது. சமயம் மாறிய அப்பருக்குச் சூலை வந்தது. அம்மைக்குப் பயந்துதான் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு மாரியம்மன். கிரகத்துக்குப் பயந்து வருகிறவனுக்குப் பரிகாரம் சொல்வது கருணை. வரிசை இவ்வளவுதான். சாட்சிகளில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள்: திருமுல்லைவாயில், குன்றத்தூர், திருவேற்காடு, பாடி. ஊர்க்காரர்களைக் கூண்டில் ஏற்றிப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தால் ஊர்க்காரன் ஒருவன் எழுந்து கேட்கத்தான் செய்வான்.

துளசிதாசரை முதலில் முடித்துவிடலாம். அந்த வாக்கு ராமசரிதமானஸத்தில் ராமன் வாயில் வருவது உண்மை. யாரைப் பார்த்து? கடலைப் பார்த்து. மூன்று நாள் வழி கேட்டும் மசியாத கடலை வற்றவைக்க வில்லை எடுக்கும்போது சொன்னது. 2025 மே மாதம் ராணுவ அதிகாரிகளின் செய்தியாளர் சந்திப்பு ஒன்றில் விமானப்படை அதிகாரி ஒருவர் அந்த வரிகளைச் சொன்னார். அங்கே அது பொருந்தியது. அவர் எதிரி நாட்டுக்குச் சொன்னார். நண்பர் அதை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறார். அதே சுந்தர காண்டத்தில், கடலோடு நடக்கிற இந்தத் தகராறுக்குக் கொஞ்சம் முன்னால், பகைவனின் தம்பி விபீஷணன் வருகிறான். உயிருக்குப் பயந்து வருகிறவன். சுக்ரீவன் சந்தேகப்படுகிறான். ராமன் அவனைச் சேர்த்துக்கொள்கிறான். வால்மீகியின் ராமன் இன்னும் மேலே போய், ஒரே ஒரு தரம் அடைக்கலம் என்று வந்தவனுக்கும் எல்லா உயிர்களிடமிருந்தும் பயமற்ற நிலையைத் தருவது தன் விரதம் என்கிறான். ராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணியில் ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கிறான். அந்தக் கரையில் அவனிடம் வந்தவர்கள் இரண்டு வகை: வழிமறித்த கடல், அடைக்கலம் கேட்ட மனிதன். வில் கடலுக்கு. அபயம் மனிதனுக்கு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவன் இதில் எந்த வகை என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இனி சுந்தரர். கட்டுரையின் உயிர்நாடியே இவர்தான். சாமி கண்ணைக் குத்தும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று யாருக்குக் கிடைக்கும்? திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. இதுவரை நண்பர் சொல்வது சரி. இந்த இடத்தில் அவர் பெரிய புராணத்தை மூடிவைத்துவிட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால், கண் தெரியாத சுந்தரர் தட்டுத்தடுமாறி வந்து சேர்கிற இடம் அம்பத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரம்தான் என்பது தெரிந்திருக்கும். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சன்னிதியில் நின்று, என் துயரைக் களை என்று பதிகம் பாடினார். அடுத்து திருவெண்பாக்கம், பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறிய கோயில். உள்ளே இருக்கிறீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீர் கிளம்பும் என்று முகம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கம்பு!

நண்பர் வளர்க்க நினைக்கிற பக்தனாக இருந்தால் கம்பாவது கிடைத்ததே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருப்பான். சுந்தரர் கோபத்தில் அந்தக் கம்பை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்தது என்று பூண்டியில் சொல்கிறார்கள். கொம்பு உடைந்த நந்தியையும் காட்டுகிறார்கள். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மறு கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று அவர் பாடிய பதிகத்தைப் போலக் காரமான ஒன்று நம் பக்தி இலக்கியத்தில் அரிது. அடியவனை அல்லாடவிட்டுவிட்டு நீர் மட்டும் சௌக்கியமாக இரும் என்று கடவுளை நேருக்கு நேர் ஏசுகிற பாட்டு. மறு கண்ணும் வந்தது. அந்த ஏச்சைத் தேவாரத்தில் சேர்த்து, ஓதுவாரை வைத்துப் பண்ணோடு பாடவைத்திருக்கிறது சைவம். ஏசியவருக்குத் தம்பிரான் தோழர் என்று பட்டம். தண்டனை பெற்றது உண்மை. நடுங்கியதற்கு ஆதாரம் ஒரு பாட்டில்கூட இல்லை.

முல்லைவாயிலுக்கு வந்துவிட்டோம், அந்தக் கோயிலின் கதையையும் கேட்டுவிடலாம். குறும்பரோடு போர் செய்யப் போன தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது. கொடியை வாளால் வெட்டினான். வெட்டு உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் விழுந்து ரத்தம் பீறிட்டது. தெரியாமல் செய்த பாவத்துக்குத் தன் தலையையே அறுத்துக்கொள்ளப் போனான் மன்னன். சாமியே நேரில் வந்து தடுத்தார். தடுத்ததோடு நிற்காமல், போருக்குத் துணையாக நந்தியை அனுப்பினார். அதனால்தான் இன்றும் அங்கே நந்தி சாமியைப் பாராமல் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது. வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு; சித்திரைச் சதயத்தன்றுதான் களைகிறார்கள். வாளால் வெட்டியவனுக்குப் படை கொடுத்து அனுப்பிய சாமி, விளக்கேற்ற மறந்த மருமகளின் வீட்டில் நிச்சயதார்த்தத்தை முறித்துவிடுவார் என்று மேடையில் பேச எப்படி மனம் வருகிறது?

அப்பர் கதையை நீட்டத் தேவையில்லை. சூலை வந்தது, வலி தாங்காமல் அக்கா திலகவதியாரிடம் ஓடினார். பார்த்தாயா, சாமியை விட்டாய், வயிற்றில் கொடுத்துவிட்டார் என்று அந்த அம்மாள் சொல்லிக் காட்டவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனார். அதற்குப் பின் நீற்றறையில் ஏழு நாள் போட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது அவர் சொல்லியனுப்பிய பதிலைப் படித்தவர் யாரும் அவரைப் பயத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடமாட்டார்கள். இதையெல்லாம் பாட்டாக எழுதிவைத்தவர் பூந்தமல்லிக்கு அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். சோழனின் முதலமைச்சர். ராஜாவுக்குப் பணியாத ஒருவரின் கதையை ராஜாவின் அமைச்சரே எழுதினார் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். அவர் பட்டியலில் திருவேற்காட்டுக்காரர் ஒருவரும் உண்டு, மூர்க்க நாயனார். சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டவர். பணயத்தைக் கொடுக்காமல் அழும்பு செய்தவர்களைக் கத்தியால் குத்தியவர். அவரை யாரும் பின்பற்ற வேண்டாம். ஆனால் அவரையும் அறுபத்துமூவரில் உட்காரவைத்த ஒரு சமயத்தைப் பயந்தவர்களின் சமயம் என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

மாரியம்மன் விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி உண்மை. பெரியம்மை தெருத்தெருவாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம் இருந்தது. பயமும் இருந்தது. அந்தப் பயத்தை வைத்து நம் சனங்கள் என்ன செய்தார்கள் என்பது மறுபாதி. அதை அவர் தொடவே இல்லை. கொப்புளம் கண்ட பிள்ளையைப் பார்த்து "அம்மா வந்திருக்கா" என்றார்கள். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர் வைத்தார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. குரலை உயர்த்திப் பேசுவது நின்றது. வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மருந்தே இல்லாத ஒரு கொலைநோயை வீட்டுக்கு வந்த தாயாக்கி, பாய் போட்டு உட்காரவைத்து, மரியாதையாக வழியனுப்பியிருக்கிறார்கள். பயத்துக்கு அடங்கினவர்கள் செய்கிற காரியமா இது? அம்மா கோபித்துக்கொள்வாள் என்று தடுப்பூசிக்காரர் வரும்போது பிள்ளையை ஒளித்துவைத்த வீடுகளும் இருந்தன, மறுக்கவில்லை. அந்த வீடுகளில் பிள்ளையைக் காவு வாங்கியது அம்மன் மேல் வைத்த அன்பா, நண்பர் மேடை போட்டு விற்கிற சரக்கா?

இந்தியாவில் பெரியம்மையின் கடைசித் தொற்று 1975-ல். உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது 1980 மே மாதத்தில். பயம் போனால் கோயில் காலியாகும் என்ற சூத்திரம் உண்மையானால் அந்த வருஷத்து ஆடியிலிருந்து திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் வௌவால் அடைந்திருக்க வேண்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில் திரும்பி அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும் நண்பர். பஸ் நகராது, ஆட்டோ நகராது. மஞ்சள் சேலைகள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த அம்மைக்குப் பயந்து வருகிறார்கள் இவர்கள்? கள்ளிக்குப்பத்திலும் கொரட்டூரிலும் தெருமுனை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிற அன்று போய் நிற்கட்டும். பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ், உரித்த சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, சில தெருக்களில் கருவாட்டுக் குழம்பும். தூக்குச்சட்டியோடு ஆட்டோக்காரர், ஸ்கூல் பேக் மாட்டிய பிள்ளைகள், குடத்தையே கொண்டுவந்துவிட்ட பாட்டி. "ஏம்மா, அடி கலக்கி ஊத்தும்மா" என்று அதட்டல். அந்த வரிசையில் பயந்த முகம் ஒன்றையாவது அவர் எனக்குக் காட்டினால் இந்த எதிர்வினையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இத்தனை வருஷம் கோயிலுக்குப் போய்வந்ததில் ஒரு நாளாவது சாமியின் வலது கையை நிமிர்ந்து பார்த்தாரா என்றும் ஒரு சந்தேகம். பெருவாரியான விக்கிரகங்களில் அந்தக் கை உள்ளங்கை தெரிய உயர்ந்திருக்கும். அதன் பொருள் என்ன என்று அர்ச்சகரின் பேரப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கீதையில் அர்ச்சுனன் விசுவரூபத்தைப் பார்த்து நடுங்கினான் என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டிருக்கிறார். நடுங்கினான், சரி. உடனே கண்ணன் என்ன செய்தான்? பயப்படாதே என்று தேற்றி, பழைய சாந்தமான உருவத்துக்குத் திரும்பினான். அதே கீதையின் 16-ம் அத்தியாயம் தெய்வீகக் குணங்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வைப்பது அச்சமின்மை. அடக்கமும் தூய்மையும் தவமும் அதற்குப் பிறகுதான்.

பயந்தவர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பயத்தோடுதான் வருகிறார்கள். துன்பத்தில் தவித்து வருகிறவனையும் பக்தர்களில் ஒரு வகையாகக் கீதையே எண்ணுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தைக்கிற பெண்கள் ஷிப்ட் முடிந்து ராத்திரி மின்சார ரயிலில் பட்டாபிராம், திருநின்றவூர் என்று வீடு திரும்புகிறார்கள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஜன்னலோரம் ஒருத்தி கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். பிளாஸ்டிக் உறை போட்ட, உள்ளங்கையில் அடங்குகிற புத்தகம்; ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஸ்டேஷனில் இறங்கி விளக்கில்லாத தெருவில் நடக்க வேண்டும். குடிகாரன் உண்டு, நாய் உண்டு, வீட்டில் கடன்காரன் வந்துபோன சேதி உண்டு. கவசம் மனிதன் பயப்படக்கூடிய ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓடு என்கிறது. உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேலின் காவலில் வைக்கிறது. ஸ்டேஷன் வருவதற்குள் அவள் தன் பயங்களை ஒரு தடவை எண்ணி முடித்துவிடுகிறாள். பிறகு புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு இறங்கி நடக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது முருகன் இல்லை. முருகனிடம் கொண்டுபோய் அவள் அதை இறக்கிவைக்கிறாள். நண்பருக்கும் எனக்கும் சண்டையே இந்த இடத்தில்தான். பயத்தோடு வருகிறவளைத் தேற்றி அனுப்புவதும், தேறி இருக்கிறவளைப் பயமுறுத்தி வரவழைப்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரிகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில், மனநோயாளிகள் வந்து தங்குகிற முத்துசாமி கோயிலில் செய்தது. கடுமையான மனநோய் உள்ள 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சிறப்புச் சடங்கு எதுவும் கிடையாது. பூஜையில் நிற்பது, கோயிலில் சின்னச் சின்ன வேலைகள், கூடவே வீட்டார் ஒருவர். திரும்பும்போது நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவனைப் போலீசில் பிடித்துக்கொடுக்க வேண்டும். ஆனால் பலனுக்குக் காரணமாக ஆய்வாளர்கள் எதைச் சொன்னார்கள் என்று பாருங்கள்: ஆதரவான, மிரட்டல் இல்லாத, தைரியம் தருகிற சூழல். கோயில் குணப்படுத்தியது மிரட்டாமல் இருந்ததால். நண்பரின் யோசனைப்படி நடத்தியிருந்தால் 31 பேரும் ஒரே வாரத்தில் ஓடியிருப்பார்கள்.

மிரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் ஒரு வீடு இருக்கிறது. பிளஸ் டூ படித்த பெண், எங்களுக்கு உறவுமுறை. பரீட்சை நெருங்க நெருங்கப் படபடப்பு, தூக்கமில்லை, கை வேர்த்துப் பேனா வழுக்கும். வீட்டார் ஒரு ஜோசியரிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஜாதகத்தை ஒரு புரட்டுப் புரட்டி நாக தோஷம் என்றார். ராகு கேது பரிகாரம் ஆயிற்று. படபடப்பு நிற்கவில்லை. சங்கல்பத்தில் நட்சத்திரம் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள், மறுபடி செய்யுங்கள் என்றார். இப்போது அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை பயத்தோடு பரிகாரம் தப்பிவிட்ட பயமும் சேர்ந்துகொண்டது. பல்லி கத்தினால் பயம், பூனை குறுக்கே போனால் பயம். கடைசியில் அவள் சித்தப்பாதான் சண்டை போட்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனார். மாத்திரை கொடுத்தார்கள், உட்காரவைத்துப் பேசினார்கள், தேறினாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் பச்சையம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், அங்கே போனால் மனசு லேசாக இருக்கிறதாம். பரிகாரம் சொல்வது கருணை என்று எழுதிய கையால் நண்பர் அந்தப் பெண்ணுக்கும் நாலு வரி எழுதட்டும்.

கிரகத்துக்கு வருவோம். பாடி திருவலிதாயத்தை அவரே உதாரணம் காட்டியிருக்கிறார். குரு பகவான் வழிபட்ட தலம், குருப்பெயர்ச்சியன்று மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையுமாகக் கூட்டம் அலைமோதும். பயம் எவ்வளவு பேரைக் கோயிலுக்கு அழைத்துவருகிறது பாருங்கள் என்கிறார். பார்க்கிறேன். அந்தக் கோயிலுக்கு இன்னொருவரும் வந்து பதிகம் பாடியிருக்கிறார், ஞானசம்பந்தர். பாண்டிய நாட்டுக்கு அழைப்பு வந்து அவர் கிளம்பும்போது, கோள்நிலை சரியில்லை, போக வேண்டாம் என்று அப்பரே தடுத்தார். சொன்னது சாதாரண ஆளில்லை. சம்பந்தர் நல்ல நேரம் பார்க்கவில்லை, எள் விளக்கு ஏற்றவில்லை. சிவன் என் உள்ளத்தில் இருக்கும்போது சனியும் பாம்புகளும் உட்பட ஒன்பதும் நல்லவைதான் என்று பாடிவிட்டுப் போனார். அதுதான் கோளறு பதிகம். அதைப் பாடியவர் நின்ற வாசலைக் கிரக பயத்துக்கு விளம்பரப் பலகையாக்குவது நண்பருக்கு மட்டுமே வரக்கூடிய சாமர்த்தியம்.

பூந்தமல்லியை அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் கட்டுரை அங்கேயே கவிழ்ந்திருக்கும். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கே தோட்டம் போட்டு, பூப்பறித்துத் தொடுத்து, காஞ்சி வரதருக்கு நாள்தோறும் கொண்டுபோய்ச் சாத்தி, ஆலவட்டம் வீசியவர். வரதர் அவரோடு பேசுவார் என்பது ஐதீகம். ராமானுஜர் தம் மனத்தில் இருந்த ஐயங்களை அவர் வழியாகத்தான் கேட்டனுப்பினார். வந்த பதில்களை ஆறு வார்த்தை என்பார்கள். அதில் ஒன்று என்னை எப்போதும் பிரமிக்கவைப்பது: சாகும் தறுவாயில் இறைவனை நினைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சரணடைந்தவனுக்கு இல்லை. கடைசி மூச்சில் நினைவு தப்பிவிட்டால், பக்கவாதம் வந்து நாக்கு எழாமல் போய்விட்டால் என்ன கதி என்று நடுங்கிக்கொண்டிருந்த கிழவர்களுக்கெல்லாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வார்த்தையில் பதில். மனிதனுக்கு இருக்கிற பயங்களிலேயே பெரிய பயத்தைப் பெருமாள் தாமாக முன்வந்து ரத்து செய்திருக்கிறார். நண்பர் மறுபடி அமலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்.

நம்பிக்கும் சனி பிடித்த கதை ஒன்று இங்கே வழங்குகிறது. ஏழரை வருஷம் பிடிக்க வேண்டும் என்று சனீசுவரர் வந்து நின்றார். அவ்வளவு நாள் வரதருக்கு யார் விசிறுவது என்று கேட்டு நம்பி பேரம் பேசினார். ஏழரை மாதம், ஏழரை நாள் என்று இறங்கி ஏழரை நாழிகையில் முடிந்தது. மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் கோயிலில் தங்க வட்டில் காணாமல் போய் நம்பி மேல் திருட்டுப் பழி விழுந்தது; நாழிகை முடிந்ததும் வட்டில் கிடைத்தது. கதையில் பரிகாரம் இல்லை, தட்சிணை இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, சீக்கிரம் முடித்துக்கொள் என்கிற தோரணைதான் இருக்கிறது.

நம் காலத்து ஏழரைக்கு அந்தச் சலுகை கிடையாது, நீண்டுகொண்டே போகும். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்ந்தார். தொலைக்காட்சியில் பலன், யூடியூபில் பலன், ஷேர் ஆட்டோவில் பலன். திருநள்ளாறு கோயிலோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறோம், எங்கள் கணக்கில் பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வருஷம். திருக்கணிதப்படி மகர ராசிக்காரனுக்கு ஏழரை முடிந்தது, மேஷ ராசிக்காரனுக்குத் தொடங்கியது. வாக்கியப்படி இரண்டும் நடக்கவில்லை. அந்த ஏப்ரலில் எங்கள் பக்கத்துப் பரிகாரக் கூடம் ஒன்றில் மேஷத்துக்குத் திருக்கணிதமும் மகரத்துக்கு வாக்கியமும் பார்த்தார்கள். புதிதாகப் பிடித்ததற்கு ஒருவரும், இன்னும் விடாததற்கு ஒருவருமாக இரண்டு ராசிக்காரர்களும் எள் பொட்டலத்தோடு ஒரே வரிசையில் நின்றார்கள். ரசீதும் ஒரே புத்தகத்தில்தான் கிழித்தார்கள்.